நாலு ஓட்டை, ஒரே ஒயர்: யுஎஸ்பி ஹப்பின் கரண்ட் கணக்கும் வேகக் கணக்கும்

தங்கச்சிமடத்தில் ஒரு இ-சேவை மையம். ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறக்கிற நேரம் என்பதால் சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் வாசல் வரை ஆள் நிற்கிறது. மேசையில் ஒரு கம்ப்யூட்டர். அதன் முன்பக்கத்தில் தொங்கும், ஒரு யுஎஸ்பி ஓட்டையை நாலாக்கும் ஒரு ஹப். ஹப்பில் மவுஸ், கீபோர்டு, கைரேகைக் கருவி, ஸ்கேன் பண்ணிய காகிதங்களைப் பத்திரப்படுத்த ஒரு சின்ன ஹார்ட் டிஸ்க். நாலு ஓட்டையும் நிரம்பிவிட்டது.

ஒரு பெரியவர் விரலை வைக்கிறார். கருவியின் விளக்கு ஒரு கணம் எரிந்து அணைகிறது. மறுபடி வைக்கிறார், மறுபடி அணைகிறது. "வலை இழுத்த கை தாத்தா, ரேகை தேஞ்சு போச்சு" என்கிறார் மையத்தை நடத்தும் பெண். பெரியவர் தன் விரலையே குற்றவாளியைப் பார்ப்பது போலப் பார்க்கிறார்.

ராமநாதபுரத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது என் தொழில். அன்றைக்குப் போனது பிரிண்டருக்காக. ஆனால் அந்த விளக்கு அணைந்த விதம் கண்ணில் பட்டுவிட்டது. ரேகை தேய்ந்திருந்தால் கருவி விளக்கை எரிய விட்டுக்கொண்டே 'பதிவாகவில்லை' என்று சொல்லும். விளக்கே போகிறது என்றால் விரலில் குறை இல்லை, கருவிக்குச் சாப்பாடு போதவில்லை. ஹார்ட் டிஸ்கை ஹப்பிலிருந்து பிடுங்கச் சொன்னேன். பெரியவரின் ரேகை இரண்டாவது தடவையில் பதிந்தது.

ஹப் செய்வது ஒரே வேலை. ஓட்டைகளைப் பெருக்கும். அதற்குப் பின்னால் கம்ப்யூட்டருக்குப் போவது அதே ஒற்றை ஒயர்தான். அந்த ஒயரில் இரண்டு கணக்கு ஓடுகிறது, ஒன்று கரண்ட், இன்னொன்று வேகம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் நல்ல ஹார்ட் டிஸ்க் 'போச்சு' என்று மூலைக்குப் போகிறது, நல்ல கைரேகைக் கருவிக்குப் பதில் புதுசு வாங்கப்படுகிறது. என்னிடம் 'கெட்டுப்போச்சு' என்று வருகிற யுஎஸ்பி சாமான்களில் பலவற்றுக்கு நான் செய்யும் பழுது, ஓட்டையை மாற்றிச் சொருகுவதுதான். அதற்கு எவ்வளவு காசு கேட்பது என்பது எனக்கே சங்கடம்.

கரண்ட்டில் இருந்து தொடங்கலாம், தொல்லை அங்கேதான் அதிகம்.

யுஎஸ்பி 1996ல் வந்தது. அதற்கு முன் கீபோர்டுக்கு ஒரு வட்டக் குழி, மவுஸுக்கு ஒன்று, பிரிண்டருக்கு 25 முள் வைத்த அகலமான ஒன்று என்று கம்ப்யூட்டரின் முதுகே சல்லடையாக இருந்தது. இன்டெல் நிறுவனத்தில் வேலை பார்த்த அஜய் பட் முதலானவர்கள் சேர்ந்து, எல்லாவற்றுக்கும் ஒரே குழி, அதிலேயே கரண்ட்டும் போகட்டும் என்று வைத்தார்கள். உள்ளே நாலே ஒயர். இரண்டு தகவலுக்கு, ஒன்று 5 வோல்ட், ஒன்று எர்த். அன்றைக்கு அவர்கள் கண் முன்னால் இருந்தது மவுஸும் கீபோர்டும். அதனால் படியளந்த கரண்ட்டும் அந்த அளவுக்குத்தான்.

விதி இப்படிப் போகிறது. எந்தக் கருவியும் சொருகியவுடன் 100 மில்லியாம்பியருக்கு மேல் இழுக்கக் கூடாது. 'எனக்கு இவ்வளவு வேண்டும்' என்று கம்ப்யூட்டரிடம் முதலில் சொல்ல வேண்டும், சரி என்று பதில் வந்தால் அதிகபட்சம் 500 வரை எடுத்துக்கொள்ளலாம். இது 2000ல் வந்த யுஎஸ்பி 2.0 வரைக்கும். 2008ல் வந்த 3.0ல் தொடக்கம் 150, உச்சம் 900. வாட்டில் சொன்னால் 2.5 என்பது 4.5 ஆனது. வீட்டில் எரிகிற சாதாரண எல்இடி பல்புக்குக்கூட இதைவிட அதிகம் போகிறது.

சரி, இப்போது நடுவில் ஹப். அடாப்டர் இல்லாத சாதாரண ஹப் தன் பங்குக்குக் கம்ப்யூட்டரிடம் 500 மில்லியாம்பியர் வாங்குகிறது. தன் சிப்பை ஓட்ட 100 ஒதுக்குகிறது. மிச்சம் 400. நாலு ஓட்டைக்கு ஆளுக்கு 100. கணக்கு அதோடு முடிந்தது. மவுஸ், கீபோர்டு, பென் டிரைவ் என்றால் சமாளித்துவிடும். சின்ன ஹார்ட் டிஸ்கோ, உள்ளே தட்டு சுழலத் தொடங்குகிற கணத்தில் 900ஐத் தாண்டும், சில டிஸ்க் 1 ஆம்பியரையே தொடும். தெருக்குழாயில் ஒரு வீட்டுக்காரர் மோட்டார் போட்டு உறிஞ்சினால் அடுத்த வீட்டுக் குடத்தில் சொட்டுவதும் நின்றுபோகும் இல்லையா, அதே கதை. உறிஞ்சியது ஹார்ட் டிஸ்க், நின்றுபோனது கைரேகைக் கருவி.

'அப்படியானால் கம்ப்யூட்டர் எச்சரிக்க வேண்டாமா?' என்று கேட்கலாம். எச்சரிக்க வேண்டும்தான். ஒழுங்கான ஹப், 'எனக்குத் தனி அடாப்டர் இல்லை, உன்னிடம்தான் வாங்குகிறேன்' என்று தொடக்கத்திலேயே கம்ப்யூட்டரிடம் சொல்லும். அப்போது அதிகம் கேட்கும் கருவியைச் சொருகினால் 'கரண்ட் போதாது' என்று திரையில் செய்தி வரும். மலிவு ஹப்களில் பல இந்த இடத்தில் பொய் சொல்கின்றன. அடாப்டரே இல்லாமல், 'எனக்குத் தனி மின்சாரம் இருக்கிறது' என்று சொல்லிக்கொள்கின்றன. கம்ப்யூட்டரும் நம்பி, கேட்டவர்களுக்கெல்லாம் 500 எடுத்துக்கொள்ள அனுமதி கொடுத்துவிடுகிறது. செய்தி ஏதும் வராது. விளக்கு மட்டும் அணையும், அல்லது கருவி போய்ப் போய் வரும்போது கேட்கும் அந்த 'டடங்' சத்தம் பத்து நொடிக்கு ஒரு தடவை வரும். ஹார்ட் டிஸ்க் என்றால் உள்ளே 'டிக்... டிக்...' என்று பல்லி மாதிரிச் சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். கம்ப்யூட்டரின் பின்பக்கம் நேராகச் சொருகிப் பாருங்கள். அங்கேயும் டிக் டிக் என்றால் அப்புறம் கவலைப்படலாம்.

பின்பக்கம் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. பின்னால் இருக்கும் ஓட்டைகள் மதர்போர்டிலேயே பற்றவைத்தவை. முன்பக்க ஓட்டைகளுக்குப் பெட்டிக்குள்ளே ஒரு மெல்லிய ஒயர் ஓடுகிறது. ஒயர் மெலிந்தால் வோல்ட் இறங்கும்.

இந்த ஒயர் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், இதை யாரும் கண்டுகொள்வதில்லை. நல்ல யுஎஸ்பி கேபிளின் மேல் உறையில் பொடி எழுத்தில் 28 ஏடபிள்யூஜி, 24 ஏடபிள்யூஜி என்று இரண்டு எண் இருக்கும். முதலாவது தகவல் ஒயரின் தடிமன், இரண்டாவது கரண்ட் ஒயரின் தடிமன். எண் கூடினால் ஒயர் மெலிது. இரண்டுமே 28 என்று இருந்தால் கரண்ட் போகிற ஒயரும் நூல் மாதிரிதான். அப்படிப்பட்ட 3 மீட்டர் நீட்டிப்பு கேபிளில் 500 மில்லியாம்பியர் போனால், போக வர 6 மீட்டர் தாமிரத்தில் ஏறக்குறைய 0.6 வோல்ட் தின்னப்பட்டுவிடும். கிளம்பும்போது 5 வோல்ட், போய்ச் சேரும்போது 4.4. அதற்குக் கீழே பல கருவிகள் தள்ளாடும். அதே நீளத்தில் 24 தடிமன் என்றால் இழப்பு கால் வோல்ட்தான். கவுண்டருக்கு அந்தப் பக்கம் வரை வெப்கேமை இழுத்துவைக்க நீளக் கேபிள் வாங்குகிறவர்கள் அந்தப் பொடி எழுத்தை ஒரு தடவை படித்துவிட்டு வாங்கலாம்.

இதற்கெல்லாம் மருந்து அடாப்டரோடு வரும் ஹப். அதில் கம்ப்யூட்டரின் 500ஐ நாலாகப் பிரிக்கும் வேலை இல்லை, சுவரிலிருந்து வருகிற கரண்ட்டைத்தான் பங்கு வைக்கிறது. ஆனால் பெட்டிக்குள் வரும் அடாப்டரைத் திருப்பிப் படியுங்கள். 7 ஓட்டை ஹப்புக்கு 5 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் என்று இருந்தால், 2000ஐ ஏழால் வகுத்தால் ஆளுக்கு 285 மில்லியாம்பியர் வருகிறது. ஏழு ஓட்டையும் முழுசாக 900 கொடுக்க வேண்டுமானால் 6.3 ஆம்பியர், 31 வாட்டுக்கு மேல் வேண்டும். நடைமுறையில் மவுஸும் கீபோர்டும் அவ்வளவு தின்னாது, அதனால் 2 ஆம்பியரில் ஒரு டிஸ்கும் சில்லறைச் சாமான்களும் ஓடிவிடும். இரண்டு டிஸ்க் என்றால் பெரிய அடாப்டர் பாருங்கள்.

நம் பக்கத்துக்கென்று இதில் ஒரு கண்ணி இருக்கிறது. உச்சிப்புளியில் ஒரு போட்டோ ஸ்டூடியோ. யுபிஎஸ் இருக்கிறது, அடாப்டர் வைத்த நல்ல ஹப் இருக்கிறது, இருந்தும் கரண்ட் போனால் கல்யாணப் படம் ஏறிக்கொண்டிருக்கும் டிஸ்க் அறுந்துவிடுகிறது. போய்ப் பார்த்தால் கம்ப்யூட்டரும் மானிட்டரும் யுபிஎஸ்ஸில், ஹப்பின் அடாப்டர் மட்டும் சுவர் பிளக்கில். கரண்ட் போன அந்த நொடி கம்ப்யூட்டர் முழித்திருக்கிறது, ஹப் தடுமாறுகிறது, எழுதிக்கொண்டிருந்த டிஸ்க் பாதியில் நிற்கிறது. மழை இருட்டினால் கரண்ட் போய்ப் போய் வரும் ஊர்களில் ஹப்பின் அடாப்டருக்கும் யுபிஎஸ்ஸில் ஒரு இடம் ஒதுக்கியே ஆக வேண்டும். அதற்கு ஆகும் சுமையும் அற்பம்.

ஹப்பைச் சார்ஜராக நினைப்பது இன்னொரு பழக்கம். 5000 மில்லியாம்பியர் மணி பேட்டரி வைத்த போன், 500 மில்லியாம்பியர் ஓட்டையில் முழுக்க நிறைய எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், நடுவில் திரையைத் தொடாமல் இருந்தால். விசைப்படகில் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 5 வோல்ட் எடுத்து அதில் ஒரு ஹப்பை மாட்டி ஆளுக்கு ஒரு போன் சொருகுகிறார்கள். படகில் பேச வேண்டிய கம்ப்யூட்டரே இல்லை, தகவலுக்கான ஹப்புக்கு அங்கே வேலையும் இல்லை. நேராக 12 வோல்ட்டில் மாட்டுகிற கார் சார்ஜரே போதும்.

கீழக்கரைப் பக்கம் போனால் வேறு ரகம். துபாயிலிருந்து வருகிற பெட்டியில் டைப்-சி ஹப் இருக்கும். மேலே '100 வாட்' என்று அச்சிட்டிருக்கும். அந்த 100 வாட், லேப்டாப்பின் சார்ஜரை ஹப் வழியாகச் சொருகினால் அது கடத்தி விடும் அளவு. அதிலும் 10, 15 வாட்டைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் லேப்டாப்புக்குத் தரும். ஓட்டைக்கு ஓட்டை 100 வாட் என்று எண்ணி வாங்கியவர்கள் உண்டு. சார்ஜரை மாட்டாவிட்டால் அந்த ஹப்பும் லேப்டாப்பைச் சுரண்டித்தான் வாழும்.

இனி வேகம். பாம்பன் பாலத்தைப் பார்த்தவர்களுக்கு இது சுலபம். 1914ல் திறந்த பழைய பாலத்திலும் சரி, 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்திலும் சரி, தண்டவாளம் ஒன்றுதான். ராமேஸ்வரத்திலிருந்து கிளம்பிய ரயில் இந்தப் பக்கம் வந்து சேரும்வரை மண்டபத்தில் நிற்கும் ரயில் நிற்க வேண்டியதுதான். யுஎஸ்பி 2.0ம் அப்படியே. எந்தக் கருவியும் தானாகப் பேசாது. கம்ப்யூட்டர் ஸ்டேஷன் மாஸ்டர் மாதிரி ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு 'இருந்தால் அனுப்பு' என்று கேட்கும். நாலு கருவிக்கும் சேர்த்து வினாடிக்கு 480 மெகாபிட். பெட்டியில் இந்த எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது பிட். பைட்டாக்க எட்டால் வகுத்தால் 60. கூப்பிடுவது, பதில் சொல்வது, சரிபார்ப்பது என்று பேச்சுவார்த்தைக்கே ஒரு பங்கு போய், டிஸ்குக்குக் கையில் கிடைப்பது வினாடிக்கு 35, 40 மெகாபைட்.

அந்த ஸ்டூடியோக்காரரின் 64 ஜிபி கார்டு நிறைந்திருந்தால், 35 வேகத்தில் இறக்க அரை மணி நேரம். அதே கார்டு 90 மெகாபைட் வரை படிக்கக்கூடியது என்று வைத்துக்கொண்டால், 3.0 ஓட்டையில் 12 நிமிடம். கல்யாண நாளில் நாலு கார்டு. பழைய ஹப்பைக் காப்பாற்றியதில் அவருக்கு மிச்சமானது சில நூறு ரூபாய், போனது ஒரு மணி நேரத்துக்கு மேல்.

3.0ல் வேகம் 5 ஜிகாபிட். அது மட்டுமல்ல, அமைப்பே வேறு. பழைய நாலு ஒயரை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் ஐந்து புது ஒயர் போட்டார்கள். அதனால் ஒரு 3.0 ஹப்புக்குள்ளே உண்மையில் இரண்டு ஹப் இருக்கிறது, பழைய பாதைக்கு ஒன்று, புதுப் பாதைக்கு ஒன்று. மவுஸும் கைரேகைக் கருவியும் பழைய பாதையில் போகும், டிஸ்க் புதுப் பாதையில் போகும், ஒன்றின் வழியில் மற்றது குறுக்கே வராது. ஆனால் இரண்டு 2.0 வெப்கேமைக் கொண்டுபோய் விலை உயர்ந்த 3.0 ஹப்பில் மாட்டினாலும், அவை இரண்டும் பழைய 480க்குள்தான் அடித்துக்கொள்ள வேண்டும். சுருக்காத படமாக அனுப்பும் ஒரு வெப்கேம், 640க்கு 480 அளவில் வினாடிக்கு 30 படம் என்றால், 147 மெகாபிட் கேட்கும். போதாததற்கு வெப்கேம்கள் தேவைக்கு மேலேயே இடத்தை முன்பதிவு செய்துகொள்ளும் ரகம். முதல் கேமரா ஓடும், இரண்டாவது கறுப்புத் திரை காட்டும். ஒன்றை ஹப்பில் விட்டு மற்றதைப் பின்பக்கம் சொருகிப் பாருங்கள். சில மதர்போர்டில் அதுவும் அதே பாதையில் போய்ச் சேரும், அப்போது படத்தின் அளவைக் குறைப்பதுதான் வழி.

பெயர்க் குழப்பம் பற்றி ஒரு வார்த்தை. 3.0 என்று வந்ததை அப்புறம் 3.1 ஜென் 1 என்றார்கள், பிறகு 3.2 ஜென் 1 என்றார்கள். மூன்றும் அதே 5 ஜிகாபிட்தான். கடையில் '3.2' என்று அழுத்திச் சொன்னால் 5ஆ, 10ஆ, 20ஆ என்று திருப்பிக் கேளுங்கள். ஓட்டைக்குள் நீல நாக்கு இருப்பதும் அத்தாட்சி இல்லை. நீல பிளாஸ்டிக் எந்தத் தொழிற்சாலையிலும் கிடைக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள், பழைய நாலு பட்டையோடு கூடுதலாக ஐந்து பின் தெரிய வேண்டும். நாலு ஓட்டை ஹப்பில் ஒன்று மட்டும் 3.0, மற்ற மூன்றும் 2.0 என்று விற்பதும் சகஜம். டிஸ்கை அந்த ஒன்றில் மாட்ட வேண்டும், ஜனங்கள் அதில்தான் மவுஸை மாட்டியிருப்பார்கள்.

வயர்லெஸ் மவுஸின் குட்டி ரிசீவரை 3.0 டிஸ்குக்குப் பக்கத்து ஓட்டையில் வைக்காதீர்கள். 3.0 ஓடும்போது எழும் இரைச்சல், மவுஸ் பேசுகிற 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியிலேயே விழுகிறது. இன்டெல் 2012லேயே இதை அளந்து வெளியிட்டிருக்கிறது. டிஸ்க் ஓடும்போது மட்டும் மவுஸ் நொண்டினால் காரணம் பேட்டரி இல்லை. ரிசீவரைத் தள்ளி வையுங்கள், முடிந்தது.

கடைசியாக உப்பு. கடலிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் எந்தக் கடையிலும், யுஎஸ்பி ஓட்டையின் தகர ஓரத்தில் முதலில் வெள்ளைப் பொடி, பிறகு பச்சைக் களிம்பு. உள்ளே இருக்கும் பட்டைகளில் தங்கப் பூச்சு உண்டு, மலிவுச் சாமானில் அது பெயருக்குத்தான். சொருகிச் சொருகித் தேய்ந்து அடியில் இருக்கும் உலோகம் வெளியே தெரிந்தால் உப்புக்காற்று வேலையைத் தொடங்கிவிடும். களிம்பு கரண்ட்டையும் தடுக்கும், வேகத்தையும் கெடுக்கும். அந்தக் கூடுதல் ஐந்து பின்னில் ஒன்று சரியாகத் தொடாவிட்டால், 3.0 டிஸ்க் சத்தமில்லாமல் 2.0 ஆக இறங்கி ஓடும். எந்த எச்சரிக்கையும் வராமல் போகலாம், காப்பி ஆகிற நேரம் மட்டும் கூடும். மெதுவாகத் தயங்கித் தயங்கிச் சொருகினாலும் இது நடக்கும், பழைய நாலு பட்டை முதலில் தொட்டுவிடுவதால் கம்ப்யூட்டர் 2.0 என்று முடிவு செய்துவிடுகிறது. ஒரே அழுத்தாக அழுத்திச் சொருகுங்கள்.

நாம் அன்றாடம் பார்க்கும் செவ்வக யுஎஸ்பி ஓட்டைக்கு நிர்ணயித்த ஆயுள் 1500 தடவை சொருகல். இ-சேவை மையத்தில் வருகிறவர்களின் பென் டிரைவை ஒரு நாளைக்கு ஐந்து தடவை சொருகிப் பிடுங்கினால் 300 நாளில் அந்தக் கணக்கு தீர்ந்துவிடும். ஹப்புக்கு நான் கொடுக்கும் பெரிய மரியாதை இந்த இடத்தில்தான். தேய்வது ஹப்பாக இருக்கட்டும், மதர்போர்டின் ஓட்டை தப்பிக்கும். முன்னது சில நூறு ரூபாய், பின்னது சில ஆயிரம். களிம்பைத் துடைக்க எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் மெல்லிய பிரஷும் போதும். ஒருவர் தேங்காய் எண்ணெய் விட்டுக் கொண்டுவந்தார். வாசனை நன்றாகத்தான் இருந்தது.

தங்கச்சிமடத்துக்கு மறுநாள் போய் மேசையை மாற்றி அமைத்தேன். ஹார்ட் டிஸ்க் பின்பக்கத்து நீல ஓட்டைக்கு, கைரேகைக் கருவியும் பின்பக்கத்துக்கே நேராக, அதுவும் அதன் சொந்தக் கேபிளில், நீட்டிப்பு இல்லாமல். பழைய ஹப்பில் மவுஸ், கீபோர்டு, வருகிறவர்களின் பென் டிரைவுக்கு ஒரு ஓட்டை. புதிதாக எதுவும் வாங்கவில்லை. அந்தப் பெண் மிச்சம் இருந்த நாலாவது ஓட்டையைப் பார்த்தார்.

"அதுல என் போனைச் சார்ஜ் போட்டுக்கலாமாண்ணே?"

"போடும்மா. கடை சாத்துற நேரத்துக்கு ஏறிடும்."